பூனை விழுங்கிய நூலை இழுக்காதீர்கள்

பூனை சட்டைப் பொத்தானை விழுங்கினால் வீடே பதறும். நூலை விழுங்கினால் “அது பீயோடு போயிடும்” என்று விட்டுவிடுவோம். பயப்பட வேண்டியது நூலுக்குத்தான். வழுவழுப்பான சின்னப் பொத்தானும் பாசிமணியும் அநேகமாக 1 முதல் 3 நாளில் தானாக வந்துவிடும்.

மருதமுனைப் பக்கம் கைத்தறி நூல், மட்டக்களப்பு வாவிக்கரையில் தங்கூசி என்கிற மீன்பிடி நைலோன் நூல், மற்ற வீடுகளில் தையல் மெசின். பூனையின் நாக்கு முட்கள் தொண்டைப் பக்கம் சரிந்தவை. நூல் ஒட்டினால் துப்ப வராது, விழுங்கிக்கொண்டே போகும். மீன் வாசம் பிடித்த தங்கூசி என்றால் சொல்லத் தேவையில்லை.

நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாசலிலோ மாட்டிக்கொள்ள, மீதியைக் குடல் முன்னே தள்ளும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அதுபோலக் குடல் நூலிலே சுருங்கி ஏறும். இறுகிய நூல் குடலை அறுக்கும். வாயிலோ பின்பக்கத்திலோ தொங்கும் நூலை இழுப்பவர் அந்த அறுப்பைத் தன் கையாலேயே செய்கிறார். வாயில் தொங்குவதை வெட்டவும் வேண்டாம். உள்ளே ஊசியோ தூண்டில் முள்ளோ இருந்தால், வைத்தியருக்கு அந்த நுனிதான் தடயம்.

திரும்பத் திரும்ப வாந்தி, தீன் எடுக்காமல் ஒதுங்கிக் கிடப்பது, வீணீர் வடிதல் இருந்தால் நாக்கடியைப் பாருங்கள். ஒரு கையால் தலையை மேலிருந்து பிடித்து, மறு கையின் நடுவிரலால் கீழ்த்தாடையைத் திறந்து, அதே கையின் பெருவிரலால் தாடை எலும்புகளுக்கு நடுவே வெளியிலிருந்து மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு எழும்பும். அடியில் மயிர்போல ஒரு கோடு தெரியலாம். தெரியாவிட்டால் நூல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஐதரசன் பேரொட்சைட்டு எதுவும் பருக்க வேண்டாம். உப்பு நஞ்சாகும், எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், மற்றது பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும். நோவுக்கென்று பனடோல் கொடுத்தால் பூனை செத்துப்போகலாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாட்டையும் நிறுத்துங்கள்.

வட்டப் பற்றரிக்கு ஒரு நிமிடமும் காத்திருக்க முடியாது. மேலே 2032 என்று பொறித்திருந்தால் அது 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. தொண்டையில் தங்கினால் சில மணித்தியாலத்தில் வெந்து ஓட்டையாகும். காந்தத் துண்டு இரண்டு போனாலும் அவசரம்தான், இடையில் அகப்பட்ட குடல் நசிந்துபோகும்.

விழுங்கி 2 மணித்தியாலத்துக்குள் போனால், கூரில்லாத சில பொருட்களுக்கு மிருக வைத்தியர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கப் பார்க்கலாம். புறப்பட முன்னரே எக்ஸ்றேயும் சத்திரசிகிச்சையும் அங்கே உண்டா என்று போனில் கேளுங்கள். தையல் ஊசி எக்ஸ்றேயில் விழும், நூல் விழாது. ஆகவே கட்டையில் மிஞ்சிய அதே நூலைக் கையோடு கொண்டுபோங்கள்.

விழுங்கியது பொத்தான்தான், வைத்தியரும் காத்திருந்து பார்க்கலாம் என்றார் என்றால், பூனையை வெளியே விடாதீர்கள். வளவு மண்ணில் பீயைப் புதைத்துவிட்டால் எதைத் தேடுவது? பழைய பேசினில் மணல் போட்டு, ஒவ்வொரு முறையும் ஈர்க்கால் கிளறிப் பாருங்கள்.