சரிங்க சார்

அன்றைக்கு இயற்பியல் வகுப்பில் காந்த லாரன்ஸ் விசைப் பாடம். ஓடும் மின்துகளைக் காந்தப்புலம் வளைக்கும், ஆனால் வேலை எதுவும் செய்யாது, அதாவது ஆற்றல் தராது, அதனால் துகளின் வேகம் அதிகரிக்காது என்று எழுதி முடித்தேன். நேரம் மிச்சமிருந்தது. பிள்ளைகள் ரசிப்பார்களே என்று, 2024 மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த கதையைச் சொன்னேன். அப்படிப்பட்ட புயல்களில் பூமியின் காந்தமண்டலத்தில், அதாவது பூமியைச் சுற்றி அதன் காந்தப்புலம் பரவியிருக்கும் பகுதியில், எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடும் என்றும் சொன்னேன்.

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் மாணவி எழுந்தாள். "சார், காந்தம் வேலையே செய்யாதுன்னு இப்பத்தானே எழுதிப் போட்டீங்க? அப்புறம் வேகத்தை எது குடுத்தது?"

"சூரியன்ல இருந்து வரும்போதே வேகமாத்தான் வருதும்மா."

விசையின் திசையைக் காட்டும் இடக்கை விதிக்காக விரித்த மூன்று விரல்களை அவள் இன்னும் மடக்கவில்லை. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடக்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள்.

நான் சொன்னது முழுத் தப்பு இல்லை. புயலுக்கான ஆற்றலைச் சூரியக் காற்றுதான், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்தான், கொண்டுவருகிறது. ஆனால் அவள் கேட்டது அதுவா? வேலை செய்த விசை எது என்றல்லவா கேட்டாள்! சூரியக் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 400 கி.மீ.; ஒளியின் வேகம் 3 லட்சம் கி.மீ. மிச்சம் இங்கே வந்துதான் கிடைத்தாக வேண்டும். இரவுப் பக்கம் வால்போல் இழுபட்ட காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணைந்து, பூமியை நோக்கிச் சுருங்குகின்றன. அப்போது அங்கே புலம் சட்டென்று மாறுகிறது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். வேலை செய்வது அந்த மின்புலம். அப்படி ஒரு தள்ளு வாங்கி உள்ளே வந்த எலக்ட்ரான்களை, அங்கே எழும் அலைகளின் மின்புலம் மேலும் தள்ளுகிறது. பூமியைச் சுற்றி வேகத் துகள்கள் சிக்கிக் கிடக்கும் கதிர்வீச்சு வளையத்துக்குள்ளேயே இந்த முடுக்கம் நடப்பதை 2012-இல் ஏவப்பட்ட வான் ஆலன் விண்கலங்கள் காட்டின.

மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும் என்கிற ஃபாரடே விதி அடுத்த அலகிலேயே இருக்கிறது. இரண்டு அலகையும் இருபது வருடமாக நடத்துகிறேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தது அன்றிரவுதான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். காலாண்டுத் தேர்வு, முடியாத பாடம் என்று தள்ளிப்போட்டேன், அது உண்மையும்தான். அப்புறம் ஃபாரடே விதியைப் பலகையில் எழுதிய அன்று திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் தொண்டை வரை வந்தது. வகுப்பு முழுக்கக் கேட்க "நான் அன்னிக்குச் சொன்னது சரியில்லம்மா" என்பதற்கு அவ்வளவு தைரியம் வேண்டுமா என்ன? அவளே மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். அந்த விரல்களை நினைத்தால் நம்ப முடியவில்லை.

இந்த ஆண்டு கேள்வியையும் நானே சொல்லி, பதிலையும் நானே சொன்னேன். எல்லோரும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.