யார் சார்ஜில் போட்டது?

முதலாளி போனில் கேட்டது ஐந்தே சொற்கள். "யாருப்பா அந்த பேட்டரிய சார்ஜ்ல போட்டது?" நான் சொன்னது மூன்று. "நம்ம தம்பிதான் சார்."

இதில் பொய் எதுவும் இல்லை. என்கூட வேலை பார்த்த தம்பிதான் போட்டான். எத்தனை முறை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாலும் உண்மையாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

பெருங்குடி சைட். கத்திரி வெயில். தகர ஷெட்டுக்குள் ஸ்டோர், அதில் தின்னர் டின்கள், தெர்மோகோல், பிளைவுட் வெட்டிய மிச்சம், எல்லாமே சட்டென்று தீப்பிடிப்பவை. இன்டீரியர் வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நகத்துக்குப் போடும் நெயில் பாலிஷ் வாசனை மாதிரி ஒன்று வந்தது. யாரோ தின்னரைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சார்ஜரில் இருந்த டிரில் மெஷின் பேட்டரி புகைந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டு, மண்வெட்டியால் சார்ஜரோடு சேர்த்து வெளியே தள்ளினோம். மணலைப் போட்டு மூடினோம். மூடியபிறகும் உள்ளே படபடவென்று வெடித்தது. வாட்ச்மேன்தான் குழாயைப் பிடித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். கரண்டு சாமான் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று நான் கத்தினேன். பிளக்கைப் பிடுங்கியபின் லித்தியம் பேட்டரிக்கு நிறையத் தண்ணீர்தான் சரி, சூட்டை இறக்க வேறு வழியில்லை, மணல் மூடுமே தவிர குளிர்விக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். யாருக்கும் காயமில்லை. ஒரு பிளைவுட் ஷீட்டின் ஓரம் கருகியது. அவ்வளவுதான் நஷ்டம்.

அவ்வளவுதான் என்று எழுதும்போதே கை நிற்கிறது.

அந்த பேட்டரி எப்படிச் செத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய வேலை முடிந்த கடைசி நாளில், டிரில் சுற்றாத வரைக்கும் ஓட்டித் தீர்த்த பேட்டரிகளை அப்படியே கோணிப்பையில் போட்டுக் கட்டியது நான். எட்டு மாதம் பரணில் கிடந்தது. பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். காலியாக வைத்தால் அது தானாகவே இன்னும் இறங்கிக்கொண்டே போகும். 18 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 5 செல் தொடராக நிற்கிறது, ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஒரு செல் இரண்டரை வோல்ட்டுக்கும் ரொம்பக் கீழே இறங்கி ரொம்ப நாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. அதனால்தான் சார்ஜர் அந்த மாதிரி பேட்டரியை ஏற்றுக்கொள்ளாமல் சிவப்பு, பச்சை என்று மாறி மாறி மின்னுகிறது. நாங்கள் அதை சார்ஜரின் கோளாறு என்றே பல வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு இதற்கு ஒரு வித்தை தெரியும். நல்ல பேட்டரியோடு செத்ததை இரண்டு ஒயர் துண்டால் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்தால் சார்ஜர் ஏமாந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். "ணா, ரெண்டு டெட்டா கெடக்கு. உசுரு குடுத்துரட்டுமா?" என்று கேட்டான். சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை. நினைவில்லை என்பதை நானே முழுதாக நம்பவில்லை. புது பேட்டரி கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று யோசித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று நாள் நன்றாகத்தான் ஓடியது. நானே நாலு பேரிடம் பையன் கைகாரன் என்று சொன்னேன். நாலாம் நாள் அது.

போனில் பேசும்போது அவன் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். "வரேன்ணா" என்று வழக்கம்போலத்தான் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கேட்டது யார் போட்டது என்றுதானே, யார் சொல்லிப் போட்டது என்று கேட்கவில்லையே என்று நான் வாதாடிப் பார்ப்பதுண்டு. அவனுக்கு இருபத்திரண்டு வயசு, எங்கேயும் வேலை கிடைக்கும், எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாசம். அதுவும் உண்மைதான். உண்மைகளுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் முதலாளி ஒருவேளை என்னைத் திட்டிவிட்டு விட்டிருப்பார். பதினோரு வருஷமாக இருக்கிறேன். அவனைப்போல என்னை அனுப்பியிருக்க மாட்டார். அது அப்போதே எனக்குத் தெரியுமா என்பதைத்தான் நான் நேராகக் கேட்டுக்கொள்வதில்லை.

அதன்பிறகு சட்டம் போட்டேன். சார்ஜர் சிமெண்ட் தரையில், சுற்றி ஒன்றும் இருக்கக் கூடாது. ஓடிச் சூடான பேட்டரியை ஆறவிட்டுத்தான் போட வேண்டும். நாற்பது டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது அதற்கு நல்லதில்லை, சித்திரையில் அந்த ஷெட் அதைத் தாண்டியே நிற்கும், அதனால் சார்ஜ் எல்லாம் காலையில். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களுக்கும் தடை, வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். கீழே விழுந்து விரிசல் விட்டது, உப்பியது எதையும் தொடக்கூடாது. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஹேண்ட்ஓவருக்கு முதல் நாள் இரவு நானே சூடான பேட்டரியை ஃபேன் முன்னால் காட்டிவிட்டு சார்ஜரில் சொருகினேன் என்பது வேறு விஷயம்.

தம்பி அன்று உயிர் கொடுத்தது இரண்டு. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. அடையாளத்துக்கு நீல டேப் ஒட்டியிருக்கிறேன், ஏன் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி அதை மட்டும் தனியாக ஒரு இரும்பு வாளியில் போட்டு ஷெட்டுக்கு வெளியே வைக்கிறேன். அதை ஈ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் நல்லா ஓடுறதை ஏன் கொடுத்தாய் என்று முதலாளி கேட்பார். அதற்குச் சொல்ல வேண்டிய பதில் மூன்று சொற்களில் அடங்காது.

போன வாரம் டூல்ஸ் கணக்கு எடுத்தபோது பேட்டரி எட்டு என்று எழுதினேன். நீல டேப்பையும் சேர்த்துத்தான்.