பூனைக்கு இன்சுலின்: எங்கள் வெள்ளவத்தை வீட்டு அனுபவம்

எங்கள் பூனை கறுவலுக்குச் சீனி வருத்தம் என்பதை எங்களுக்கு முதலில் காட்டித் தந்தது எறும்புகள்தான். அவன் சலம் போகிற மண் தட்டைச் சுற்றி நாள் முழுக்கச் சிற்றெறும்பு ஊர்ந்தது. கோப்பை கோப்பையாகத் தண்ணீர் குடித்தான், வைத்ததெல்லாம் தின்றான், அப்படியும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பிறகு பின்னங்கால் குதியை நிலத்தில் பதித்து நடக்கத் தொடங்கினான். பூனை விரலில் நடக்கிற பிராணி. குதி நிலத்தில் பட்டால் சீனி நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்று அர்த்தம். கருத்தடை செய்த கடுவன், வயது போனவன், போதாக்குறைக்குத் தடியன். இந்த வருத்தம் தேடி வருகிற லட்சணம் எல்லாம் அவனிடம் இருந்தது.

மிருக வைத்தியரிடம் இரத்தச் சீனி பார்க்கிற மீற்றர் 438 (mg/dL) காட்டியது. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து டொக்டர் எதையும் முடிவு செய்யவில்லை. கூடையில் அடைத்து, காலி வீதி பஸ் ஹோர்ன் சத்தத்துக்குள்ளால் ஓட்டோவில் கொண்டுபோன பூனைக்குப் பயத்திலேயே சீனி ஏறும். நோயில்லாத பூனைக்கும் 300ஐத் தாண்டலாமாம். சாதாரணமாக 70க்கும் 150க்கும் இடையில் நிற்க வேண்டியது. அதனால் புரக்டோசமின் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார். அது கடந்த ஒன்றிரண்டு கிழமையின் நிலைமையைச் சொல்லும், அன்றைய பயம் அதில் தெரியாது. சலத்திலும் சீனி இருந்தது. இரத்தத்தில் ஏறத்தாழ 270ஐத் தாண்டிய பிறகுதான் பூனையின் சிறுநீரகம் சீனியை வெளியே விடும். சலத்தில் கீற்றோன் (உடம்பு சீனியைப் பாவிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும்போது வருவது) இல்லை என்று தெரிந்ததும் டொக்டருக்கு முகம் தெளிந்தது. அது இருந்து, பூனை சோர்ந்தும் போயிருந்தால் சேலைன் ஏற்றி அங்கேயே வைத்திருப்பார்.

எழுதித் தந்தது கிளார்ஜின் என்ற இன்சுலின். அம்மா தன் சீனிக்குப் போடுகிற அதே லான்டஸ். அளவு ஒரு யூனிற், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம். அம்மாவுக்குச் சிரிப்பு. "எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு ஒண்டோ? அது ஊசி நுனியிலயே நிண்டிடும் பிள்ளை."

அம்மா பகிடியாய்ச் சொன்னாலும் அதுதான் முதல் சிக்கல். பாமசியில் இன்சுலின் ஊசி என்று மட்டும் கேட்டால் ஒரு மில்லிலீற்றர் ஊசியை எடுத்து நீட்டுவார்கள். அதில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் இரண்டு யூனிற். ஒரு யூனிற்றைக் குத்துமதிப்பாய்த்தான் எடுக்கலாம், அரை யூனிற்றை நினைத்தும் பார்க்க முடியாது. 0.3 மில்லிலீற்றர், அரை யூனிற் கோடு போட்டது என்று விளக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். பாமசி பாமசியாய் ஏறி இறங்கித்தான் எங்களுக்கு அது கிடைத்தது. இன்னொன்று. மிருகங்களுக்கென்று வரும் கனின்சுலின், புரோசிங்க் இரண்டும் மில்லிலீற்றருக்கு 40 யூனிற், லான்டஸ் 100. நாற்பதுக்கான ஊசியில் நூறை ஏற்றினால் கோடு சரியாகவே இருக்கும், உள்ளே போவது இரண்டரை மடங்கு. பூனையின் உயிருக்கே ஆபத்து. எந்த இன்சுலினோ அதற்குரிய ஊசி, இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கூடாது.

ஊசி போடுவது எல்லாரும் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. கழுத்துக்குக் கீழே, விலாப் பக்கம் தோலைக் கூடாரமாய்த் தூக்கி அதற்குள் ஏற்ற வேண்டியதுதான். சாப்பாட்டில் வாயை வைத்திருக்கும் நேரம் போட்டால் அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. மயிர் நனைந்திருந்தால், மருந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சந்தேகம் வந்தால், இரண்டாம் தரம் போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் சீனி கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாய்ப் போனால் ஆளே போய்விடலாம்.

கஷ்டம் காதில் இரத்தம் எடுப்பதில்தான். வெள்ளைப் பூனைக்குக் காதோர இரத்தக் குழாய் கண்ணுக்கே தெரியும். கறுவலோ பெயருக்கேற்ற கறுப்பு. காதுக்குப் பின்னால் போன் டோர்ச்சை அடித்தால்தான் விளிம்பில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு வரும். முதலில் ஒரு காலுறைக்குள் சுடவைத்த அரிசியைக் கட்டி, கையில் சூடு பார்த்துக் காதில் ஒரு நிமிடம் பிடிப்பேன். குளிர்ந்த காதில் இரத்தம் வராது. பிறகு விளிம்பில் துளி வஸலின். அது இல்லாவிட்டால் வருகிற இரத்தம் மயிருக்குள் பரவிவிடும். இருந்தால் மணியாய்த் திரண்டு நிற்கும், மீற்றர் ஸ்ட்ரிப்பை நீட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். காதுக்குக் கீழே பஞ்சை வைத்துக் குத்தினால் நம் விரலுக்குப் படாது. குத்தி முடிந்ததும் பஞ்சால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, அவித்த கோழியில் ஒரு துண்டு. இப்போது மீற்றர் பெட்டியின் சிப் இழுபடும் சத்தத்துக்கே ஓடிவந்து மேசையில் ஏறி இருப்பான்.

மனிதருக்கான மீற்றர் பூனை இரத்தத்தில் வழமையாக உண்மை அளவைவிடக் குறைத்துத்தான் காட்டும். அல்பாட்ராக் என்று மிருகங்களுக்கான மீற்றர் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரிப் தொடர்ந்து கிடைக்க வேண்டுமே. எங்கள் டொக்டர் சாதாரண மீற்றரே போதும், ஒன்றையே பாவியுங்கள், மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம் என்றார். கூடவே அவர் தந்த வேறு இரண்டு கட்டளை: ஊசிக்கு முன் 200க்குக் கீழே என்றால் போடாமல் தனக்குப் போன் எடுப்பது, அளவை நாங்களாக மாற்றாமல் இருப்பது.

அந்த இரண்டாவதுதான் ஆகக் கஷ்டம். காலையில் 342, மாலையில் 310 என்று கொப்பியில் எழுதிக்கொண்டே போகும்போது கை தானாக ஊசியின் அடுத்த கோட்டுக்குப் போகப் பார்க்கும். அம்மாவும் விடவில்லை. "ஒரு அரையைக் கூட்டிப் பாரன், என்ர டொக்டர் எனக்கு அப்பிடித்தான் செய்தவர்." டொக்டரோ ஒரு கிழமை போகட்டும், ஒரு ஞாயிறு முழுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்த்து எழுதுங்கள் என்றார்.

அந்த ஞாயிறு எழுதியது இது. காலை ஆறரைக்கு 342. எட்டரைக்கு 301. பத்தரைக்கு 214. பன்னிரண்டரைக்கு 158. இரண்டரைக்கு 131. நாலரைக்கு 189. மாலை ஆறரைக்கு 286. காலையும் மாலையும் மட்டும் பார்த்தவருக்கு இது மருந்து வேலை செய்யாத பூனை. நடுவில் பார்த்தால் 131 வரை இறங்கியிருக்கிறது. அந்த ஆகக் குறைந்த எண் 80க்கும் 150க்கும் இடையில் இருந்தால் அளவு சரி. அம்மா சொன்னபடி கூட்டியிருந்தால் இரண்டரை மணிக்கு, நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் ஒரு நாளில், எங்கே போய் நின்றிருக்குமோ. அளவைத் தீர்மானிப்பது பள்ளம், மேடு அல்ல. இன்சுலினில் எது திறம் என்று ஆட்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். வீட்டில் காதைக் குத்திப் பார்க்காதவருக்கு எந்த இன்சுலினும் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு கட்டத்தில் மாலை எண் மட்டும் காரணமில்லாமல் 400ஐத் தொட்டது. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுக் குப்பி உடைத்தோம், மாற்றமில்லை. கடைசியில் மேல்மாடி அன்ரி தானாகவே சொன்னா: "பாவம், நாலு மணிக்கு என்ர கதவடியில வந்து நிக்கிறான், பாலில ஒரு மாரி பிஸ்கட் தோய்ச்சுக் குடுக்கிறனான்." பாசத்துக்கு என்ன சொல்வது? இப்போது அன்ரியிடம் ஒரு டப்பா அவித்த கோழி கொடுத்து வைத்திருக்கிறோம்.

சீனி அளவுக்கு மீறி இறங்கிய சம்பவமும் ஒருமுறை நடந்தது. சாப்பிட்டான், ஊசி போட்டோம், கொஞ்ச நேரத்தில் தின்றது முழுவதையும் சத்தி எடுத்துவிட்டான். பக்கத்திலேயே இருந்து பார்த்தோம். பின்னேரம் கண் வெறிச்சென்று, கால் பின்னிப் பின்னி நடந்தான். மீற்றரில் 54. அம்மா கித்துள் பாணிப் போத்தலோடு ஓடிவந்தா. ஆனால் சீனியோ பாணியோ வயிற்றில் செரித்துப் பிரிந்துதான் இரத்தத்தில் ஏறும்; குளுக்கோஸ் அப்படியே ஏறும். அதனால் குளுக்கோஸ் மாவைத் துளித் தண்ணீரில் குழைத்துப் பல்முரசில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றக்கூடாது, புரைக்கேறும். டொக்டரைப் போனில் வைத்துக்கொண்டே கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் பார்த்தோம். 60, 88, 120. எழும்பிச் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அன்றிரவு ஊசி வேண்டாம் என்றார் டொக்டர். அந்தக் குளுக்கோஸ் பக்கெட் இப்போதும் பிரிட்ஜின் மேலேயே இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் வீட்டுப் பூனைகள் காலங்காலமாய் மீனும் சோறும் தின்று வளர்ந்தவை. சோறு முற்றாக நிறுத்தம். உலர்ந்த உருண்டைத் தீனியிலும் மாச்சத்து கூட. டின்னில் வரும் ஈரத் தீனியில், குழம்பு இல்லாத, கூழாய் இருப்பதைத் தேர்ந்தோம். வெறும் மீனை மட்டும் போட்டாலும் சத்துக் குறையும் என்று டொக்டர் சொன்னார். இதில் கவனிக்க வேண்டியது, மாச்சத்தைக் குறைத்தால் சீனி மளமளவென்று இறங்கும், பழைய அளவு இன்சுலின் திடீரென்று கூடிப்போகும். ஆகவே தீனி மாற்றுகிற கிழமையில்தான் காது அதிகம் குத்துப்படும்.

மருந்தைப் பிரிட்ஜில் வைக்கும்போது உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். வெளியிலும் 30 பாகையைத் தாண்டக்கூடாது, கொழும்பு அறை வெயிலில் அதைச் சுலபமாய்த் தாண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ் கதவைத் திறந்தால் யாராயிருந்தாலும் அடி என்று அம்மா அறிவித்துவிட்டா. இரண்டு பேரின் மருந்தும் தப்பியது.

இப்போது கறுவலுக்கு அரை யூனிற். குதி மறுபடியும் தூக்கி நடக்கிறான், மண் தட்டில் எறும்பு இல்லை. சில பூனைகளுக்கு, முக்கியமாக ஆரம்பத்திலேயே நன்றாகக் கட்டுப்பட்டால், இன்சுலின் தேவையே இல்லாமல் போவதுண்டு. நிறுத்திப் பார்க்கலாமா என்பதை அடுத்த ஞாயிற்று எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டொக்டர். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, நிரம்பியதும் அவரிடமே கொடுத்துவிடுகிறோம். குப்பை எடுக்க வருகிறவரின் கையில் குத்திவிடக் கூடாது.