பைரவியும் 8 நிமிடமும்

நவம்பர் 14, வெள்ளி

ஈரோட்டில் ஒரு சபா. மார்கழிக் கச்சேரிக்கு இளம் பாடகர்களைத் தேர்வு செய்கிறார்கள், ஞாயிறு நடுவராக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனை வைக்கும்முன் செயலாளர் ஒன்று சொன்னார்: "மார்க் மட்டும் போட்டாப் போதுமுங்க. குறைநிறை எதுவும் பேச வேண்டாமுங்க. போன வருசம் ஒரு பையனோட அப்பா வந்து சத்தம் போட்டுட்டாரு."

சரிங்க என்றுவிட்டேன். அப்புறம்தான் உறுத்தியது. 22 வயதில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது: "தேர்வாகவில்லை." அவ்வளவுதான். குரலில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டி, ஒன்றரை வருடம் மேல் ஸ்தாயியில் கத்திக்கொண்டிருந்தேன். குரலில் ஒன்றுமில்லை. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரான மிருதங்க வித்வான்தான் சொன்னார்: "அம்மிணி, கற்பனை ஸ்வரத்துல என்னை விட்டுப்போட்டு ஓடிப் போயிடறீங்க." அந்த இடத்திலேயே ஸ்வரங்களைக் கோத்துப் பாடும்போது தாளத்தை விட்டு ஓடுகிறேன் என்று அர்த்தம்.

நவம்பர் 16, ஞாயிறு இரவு

19 பேர், ஆளுக்கு 8 நிமிடம். வானொலித் தேர்வில் பெயரை மறைத்து, ஒலிப்பதிவை மட்டும் கேட்டு முடிவு சொல்வார்கள். இங்கே பிள்ளைகள் நம் முகத்தையே பார்க்கிறார்கள். பக்கத்து நடுவர் கொட்டாவியை அடக்கியதைப் பார்த்து ஒரு பையன் அனுபல்லவியில் நின்றே போனான். பேசக்கூடாது என்றால் முகத்துக்கும் திரை போட வேண்டும்.

11-வதாகக் கொடுமுடிப் பெண். 16 வயது இருக்கும். பைரவி ராகம் பாடினாள். கனமான, அழகான குரல். ஸ்வரங்கள் ஏறும்போது சதுச்ருதி தைவதம், அதாவது 'த' சற்று உயர்ந்து நிற்கும், சரி. இறங்கும்போது அதைவிடத் தணிந்த சுத்த தைவதம் வர வேண்டும். இவள் அங்கேயும் சதுச்ருதியையே பிடித்தாள். இரண்டு முறை இறங்கியதும் கரகரப்பிரியா என்ற வேறு ராகத்தின் வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. 10-க்கு 5 போட்டேன். அந்த 5-ஐ வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

காபி குடிக்கும்போது அவள் அம்மா வந்தார். "ஏனுங்க, பாப்பா எப்படிப் பாடுச்சுங்க? ஊர்ல எல்லாரும் இன்னொரு சுந்தராம்பாள்னு சொல்றாங்க." கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர், சொல்லத்தான் செய்வார்கள். சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடியதைக் கேட்டுத்தான் நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்பார்கள். அங்கே ஏது மார்க் தாள்!

"நல்லாப் பாடுச்சுங்க" என்றேன். குரலை நினைத்துச் சொன்னேன். அவர் பாட்டை நினைத்துக் கேட்டார்.

நவம்பர் 17, திங்கள்

கொட்டாவிக்கார நடுவரிடம் போனில் பேசினேன். "8 நிமிசம் கேட்டுப்போட்டு என்னத்தைச் சொல்றதுங்க? அவங்க வாத்தியாருக்கும் சங்கடம்." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 8 நிமிடத்தில் "உனக்குப் பாட்டு வராது" என்று யாரும் சொல்ல முடியாது. அது வெறும் ஊகம். ஆனால் தைவதம் தப்பியதைச் சொல்ல 2 நிமிடமே அதிகம்.

நவம்பர் 19, புதன்

ஆளுக்கு நாலு வரி எழுதித் தருகிறேன் என்று செயலாளரிடம் கேட்டேன். யோசித்தார். "பேர் போடாமக் குடுங்க, அனுப்பறேன்." பேர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கும்? பேரும் போன் நம்பரும் போட்டே கொடுத்தேன். 12 பேருக்குத்தான் எழுத முடிந்தது. மற்ற 7 பேர் என்ன பாடினார்கள் என்றே நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

கொடுமுடி அம்மா கூப்பிட்டார். குரலில் சூடு. "அன்னிக்கு நல்லாப் பாடுச்சுன்னீங்க. இப்ப இப்படி எழுதியிருக்கீங்க. எதுங்க நெசம்?" அன்றைக்கே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதாங்க என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பெண் போனை வாங்கினாள். "மேடம், அந்தச் சுத்த தைவதத்தை ஒருக்காப் பாடிக் காட்டுங்களேன்."

அடுப்பை அணைத்துவிட்டு, 5 கட்டை சுருதி வைத்துப் பாடினேன். திருப்பிப் பாடினாள். மூன்றாவது முறை சரியாக இறங்கியது. நான்காவது முறை மறுபடியும் ஏறிக்கொண்டது.