லினக்ஸ் நிறுவுமுன் வன்தட்டில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், நன்றாக இயங்கும் பழைய மடிக்கணினியைக் கைவிட மனமில்லாத சிங்கப்பூர் நண்பர்கள் சிலர், அதில் விண்டோஸுடன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் நிறுவ முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நிறுவுதல் எளிது, வன்தட்டைப் பிரிப்பதில்தான் நிதானம் தேவை.

முதலில் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். சிம் லிம் ஸ்குவேருக்குப் போனால் அதற்கேற்ற வெளி வன்தட்டு கிடைக்கும். தட்டிலுள்ளதைக் குறியாக்கிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்குமானால், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அந்தப் பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து, தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் அட்டவணை எம்பிஆர் முறையில் உள்ளதா, ஜிபிடி முறையிலா என்று பார்க்க வேண்டும். 1983இல் வந்த எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கே இடமுண்டு. ஒவ்வொன்றின் தொடக்கமும் அளவும் 32 பிட் எண்களாகப் பதியப்படுவதால், 512 பைட் செக்டர் (தட்டின் மிகச் சிறிய பதிவு அலகு) கொண்ட தட்டில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் கையாள முடியாது. ஜிபிடி வழக்கமாக 128 பகுதிகளுக்கு இடம் தருவதோடு, அட்டவணையின் நகலொன்றைத் தட்டின் கடைசியிலும் வைத்திருக்கும். தட்டை முழுவதுமாக அழித்து நிறுவுவதானால் தயங்காமல் ஜிபிடியையே தேர்ந்தெடுப்பேன்; விண்டோஸை வைத்துக்கொள்வதானால் இருக்கும் முறையை மாற்ற மாட்டேன்.

சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட்டிலேயே சுருக்குவது நல்லது. நூறு ஜிபி காலியாக இருந்தும் சில ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது சொல்வதுண்டு. நினைவகத்துக்குத் துணையான பேஜ் ஃபைல், உறங்கும் கணினியின் நிலையைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் தட்டின் நடுவே கிடப்பதே காரணம். ஹைபர்னேஷனை நிறுத்தினால் இடம் விடுபடக்கூடும். கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு நின்றுவிடும் என்பது கூடுதல் வசதி, ஏனெனில் அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதுவது ஆபத்து.

விடுபட்ட இடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள். லினக்ஸை நிறுவும் நிரலான நிறுவியில் அதை இரண்டாக்கி, இயங்குதளத்துக்கு 50 ஜிபியும் மீதியை நம் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கும் கொடுத்து, இரண்டையும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவில் ஃபார்மட் செய்வது என் வழக்கம். பின்னாளில் இயங்குதளத்தை மட்டும் மாற்ற இது உதவும். நினைவகம் நிரம்பும்போது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி தேவையில்லை, ஒரு கோப்பே போதும். ஃபேட்32 வடிவிலுள்ள சிறிய இஎஃப்ஐ பகுதியை மட்டும் அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, லினக்ஸும் தன்னுடையவற்றை அங்கேயே தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும்.

நிறுவியில் சி டிரைவ் என்ற பெயர் தென்படாது என்பதால் பகுதிகளை அளவைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். தொடங்குமுன் வெளி வன்தட்டைக் கழற்றிவிடுங்கள்.