திராட்சை விதை எண்ணெயை எதற்காக வாங்குகிறேன்

எங்கள் அடுப்படிக்கு இந்த எண்ணெய் வந்தது சாலட் டிரெஸ்ஸிங் செய்யத்தான். ஆலிவ் எண்ணெயில் கலக்கி ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் கட்டி கட்டியாக உறைந்து கிடக்கும். திராட்சை விதை எண்ணெயில் எலுமிச்சைச் சாறும் நசுக்கிய பூண்டும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். காலையில் எண்ணெயும் சாறும் பிரிந்திருந்தன, அவ்வளவுதான். இரண்டு குலுக்கு குலுக்கியதும் கலந்துவிட்டது. வெளிர்பச்சை நிறம், எண்ணெய் வாடையே இல்லை. பூண்டின் காரம் மட்டும் நாக்கில் நின்றது. அன்றிலிருந்து மயோனைஸுக்கும் இதுதான்.

ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் இருக்கும் விதைகளிலிருந்துதான் இதை எடுக்கிறார்கள். குப்பைக்குப் போக வேண்டியது இப்படிப் பயன்படுவதே எனக்குப் பிடித்த விஷயம்.

உடம்புக்கு நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். திராட்சை விதையில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி எண்ணெயில் கரையாது. பிழிந்த பிறகு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால் விதைச் சாறு மாத்திரைக்குச் சொல்லும் பலன்களை எண்ணெயின் மேல் ஏற்றிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எண்ணெயில் நிஜமாகவே இருப்பது வைட்டமின் ஈ. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 4 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 15. அப்புறம், கொழுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் லினோலிக் அமிலம், அதாவது ஒமேகா 6. வெண்ணெய் போன்ற நிறைகொழுப்புக்குப் பதிலாக இதைச் சேர்த்தால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் குறையும். ஒமேகா 3 மட்டும் இதில் அநேகமாக இல்லை. அதை வேறு உணவில்தான் தேட வேண்டும். கலோரியும் மற்ற எண்ணெய்களைப் போலத்தான், கரண்டிக்கு 120.

சுத்திகரித்த எண்ணெய் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் புகையும். அதை நம்பி ஆழப் பொரிக்க வேண்டாம். புகையாவிட்டாலும் இந்த வகைக் கொழுப்பு நீண்ட சூட்டில் சீக்கிரம் சிதையும். காய்கறியைச் சட்டென வதக்க, மீனை லேசாக வறுக்க, கேக்கில் வெண்ணெய்க்குப் பதிலாக ஊற்ற, இவற்றுக்குச் சரி. ஒருமுறை காய்ச்சியதை நான் திரும்பக் காய்ச்சுவதே இல்லை.

போன வருடம் ஒரு பாட்டிலை அடுப்பு ஓரமாகவே வைத்திருந்தேன். திறந்தபோது பழைய பெயின்ட் டப்பா மாதிரி சிக்கு வாடை. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போது சின்ன பாட்டில்தான் வாங்குகிறேன், அதுவும் அடர்நிறக் கண்ணாடியில். திறந்த தேதியை மூடியில் எழுதி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

சீக்கிரம் சிதையும் அதே குணம் ஒரு இடத்தில் உதவுகிறது. புது இரும்புச் சட்டியைப் பழக்கும்போது இதில் இரண்டு சொட்டு விட்டு, துணியால் நன்றாகத் துடைத்தெடுத்து, சூடான அவனில் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைக்கிறேன். எண்ணெய் இறுகி மெல்லிய படலமாகிவிடும். மூன்று முறை செய்தபின் சட்டி கறுத்துப் பளபளத்தது. முட்டை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.