கரை வேட்டி விற்ற வருஷங்கள்

தேர்தல் வருஷத்தில் ஜவுளிக்கடையின் வேட்டிப் பிரிவில் நிற்பவனுக்குக் கருத்துக்கணிப்பு தேவையில்லை என்பார் எங்கள் முதலாளி. கொஞ்சம் மிகைதான். வாக்கு எண்ணுவதற்கு முன்னால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஜெயிக்கப்போகிற முகத்தோடுதான் வருவார்கள், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எண்ணி முடித்த பிறகுதான் யார் யார் என்பது தெரியும்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது அந்தக் கடை. தி.மு.க.வின் கறுப்பு சிவப்புக் கரையும், நடுவில் வெள்ளை ஓடுகிற அ.தி.மு.க. கரையும் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கும். அவசரத்தில் மாற்றி எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது, “தம்பி கடைக்குப் புதுசா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

2011-ல் ஏப்ரல் 13 வாக்குப்பதிவு, மே 13 எண்ணிக்கை. நடுவில் முழுசாக ஒரு மாதம். கட்சியில் பழைய ஆளான ஒரு பெரியவர், மகள் கல்யாணத்தில் பங்காளிகளுக்குக் கொடுக்க கறுப்பு சிவப்புக் கரை வேட்டி சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தார். முடிவு வந்தது. தி.மு.க.வுக்கு 23 இடம். தே.மு.தி.க. 29 வாங்கி எதிர்க்கட்சி ஆகிவிட்டது. தோற்றதைவிட, மூன்றாவதாகப் போனதுதான் அவர்களுக்கு அதிகம் உறைத்தது. கொஞ்ச நாளில் பெரியவரும் மகனும் வந்தார்கள். “எல்லாத்தையும் மயில்கண் கரையா மாத்திக் குடுங்கண்ணே, மாப்பிள்ளை வீட்டுல வேற கட்சி” என்றார் மகன். மாப்பிள்ளை வீடு ஏப்ரலிலும் வேறு கட்சிதான். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த வேட்டியின் கரையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். பில் போடும்போது, “எனக்கு மட்டும் அதுவே இருக்கட்டும்” என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

கட்சிக்காரர்கள் கதை இப்படி. சாதாரண வாக்காளர்கள் இன்னும் வேடிக்கை. அந்தத் தேர்தலில் தி.மு.க. கூட்டணிக்கு நூற்றுக்கு நாற்பதை ஒட்டி வாக்கு விழுந்திருந்தது. ஆனால் மே மாதக் கடைசியில் எங்கள் கடைக்கு வந்தவர்களில் சூரியனுக்குப் போட்டேன் என்று சொன்ன ஆளே இல்லை. பொய் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ‘ஓட்டு வீணாப் போச்சு’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். தோற்ற பக்கம் போட்டவனை ஏமாளியாகப் பார்க்கிறோம். அப்புறம் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்?

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஜெயித்தால், அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்கள் கூடுகிறார்கள். படித்தபோது எங்கள் வேட்டித் தட்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் அந்தப் பெரியவருக்கு இது பொருந்தாது. அவரைப் போன்றவர்கள் தோல்விகளைத்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். 1976-ல் ஆட்சியைக் கலைத்தது, 1989 வரை காத்திருந்தது, 1991-ல் இரண்டே இடம். “ரெண்டு சீட்டுல இருந்து எந்திரிச்ச கட்சிப்பா” என்பதை அவர்கள் சொல்லும் தோரணையில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். 2021-ல் அ.தி.மு.க. தோற்றபோது அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் 1996-ஐ எடுத்துக்கொண்டார்கள். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்று, கட்சிக்கு வெறும் 4 இடம் கிடைத்த வருஷம் அது. “இப்ப 66 இருக்குல்ல, போதும்” என்று கரை வேட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா, பெரியப்பா காலத்திலிருந்து தோற்றுப் பழகியவர்களுக்குத் தோல்வியும் குடும்பச் சொத்துதான்.

2016 வேறு மாதிரி. கூட்டணிகளுக்கு நடுவே சுமார் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். தி.மு.க.காரர்களுக்கு வெட்கமே இல்லை, கோபம்தான். வேட்டி வழக்கம்போலவே விற்றது. அந்த முறை நிஜமாகவே அடிபட்டவர்கள் தே.மு.தி.க. பையன்கள். ஐந்து வருஷத்துக்கு முன் எதிர்க்கட்சியாக இருந்த கட்சிக்கு ஓரிடம்கூட இல்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்துக்கே டெபாசிட் போனது. 2005-ல் தொடங்கிய கட்சி, சொல்லிக்கொள்ளப் பழைய தோல்வி எதுவும் இல்லை. சும்மா பேச்சுக்கொடுத்தால்கூட, “நான் கேப்டன் ரசிகன்தாண்ணே, கட்சியெல்லாம் இல்ல” என்று நழுவினார்கள். பாதிப் பேர் அடுத்த பொங்கலுக்குக் கட்சிக் கரை இல்லாத வெறும் வெள்ளை வேட்டிக்கு வந்துவிட்டார்கள். தட்டில் தேங்கிய அவர்களுடைய வேட்டிகளை முதலாளி பாதி விலைக்குத் தள்ளினார். அதற்கப்புறம், இரண்டு தேர்தலாவது தோற்காத கட்சிக்கு முழுப் பணமும் வாங்காமல் கரை சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.